மண்டபம் யாருக்காக?

கலியாண வரவேற்புக்கு மண்டபம் தேடுவதும் ஓர் அறப் பிரச்சினையா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். சிறிது காலத்துக்கு முன்பு யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நானும் நகைத்திருப்பேன். ஆனால் அறம் பற்றிய கேள்விகள் நம் வாசலுக்கு வரும்போது தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. விலைப்பட்டியலாக வருகின்றன, பஸ் நேரமாக வருகின்றன, அழைப்பிதழ் எத்தனை அச்சிடுவது என்ற கணக்காக வருகின்றன. கணக்கை முடித்துவிட்டோம் என்று நிமிரும்போதுதான், ஒரு தீர்ப்பையும் எழுதிவிட்டோம் என்பது தெரிகிறது.

கொழும்பில் என்னோடு ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் வில்கமுவையைச் சேர்ந்தவர். மாத்தளை மாவட்டம் என்றதும் நம்மவர்களுக்கு முத்துமாரியம்மன் கோயில் தேரும், இறப்பர், மிளகு, கொக்கோத் தோட்டங்களும் நினைவுக்கு வரும். வில்கமுவ அந்த மாத்தளை அன்று. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை நோக்கிச் சரிந்து இறங்கும் உலர்ந்த நிலம் அது. மினிப்பே அணையின் இடதுகரைக் கால்வாயை நம்பி நெல் விளைவிக்கும் சிங்களக் குடியானவர்களே அங்கு பெரும்பான்மையோர். அயலில் 1984இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ வனம் இருக்கிறது. பூங்காவின் எல்லை வரைபடத்தில் இருக்கிறது. யானைகளுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. கதிர் முற்றும் காலத்தில் மரத்திலே கட்டிய பரண்களில் இரவிரவாகக் காவல் இருப்பது அங்குள்ளவர்களின் வாழ்க்கை. அறுவடை முடிந்தால் காவலும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நெல்மூட்டை வீட்டுக்குள் வந்ததும், அதை மோப்பம் பிடித்து யானையும் வீட்டுச் சுவருக்கே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் யானை கடக்கும் வழியில் நடந்து போகவேண்டியிருந்ததால், வனவுயிர்க் காப்புச் சங்கமொன்று அப்பகுதியில் அவர்களுக்கென்று ஒரு பஸ் விடவேண்டி வந்தது.

மணமகள் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயன் காம்பராவிலே பிறந்த தமிழ்ப் பெண். இருவரும் தலைநகரில் வேலை பார்க்கப் போன இடத்தில் பழகியவர்கள். இரு வீட்டாரும் சம்மதிக்க மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையை இங்கே நான் சொல்லப்போவதில்லை. மொழியையும் மதத்தையும் தாண்டி வந்த காதல், மண்டப வாசலில் கால் தடுக்கி நின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களோடு நானும் கொழும்பைச் சுற்றினேன். காலிமுகத்திடலின் ஓரத்தில் 1864இல் எழுந்த பழைய ஹோட்டலின் படிகளிலும் ஏறினோம்; பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர்கள் தலைமுறையாகத் தாலி கட்டிவரும் மண்டபங்களையும் பார்த்தோம். ஹோட்டல்களில் மண்டபத்துக்கென்று தனி வாடகை பெரும்பாலும் இல்லை. தட்டுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணம். அதற்குமேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி. அதற்கும்மேல், 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி. இத்தனை தட்டுக்குக் குறையாமல் பணம் கட்டுவோம் என்று முன்கூட்டியே உறுதி கொடுக்கவேண்டும். எங்கும் ஒரு பணிவான இளைஞர் புத்தகத்தை விரித்து, "எத்தனை பேர்?" என்று கேட்டார். யார் யார் என்று எங்கும் எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவர்களுக்கில்லை. அது அவர்கள் தொழிலின் குற்றமுமன்று.

ஆனால் அந்த 'எத்தனை' என்ற சொல் செய்த வேலையை நான் கண்ணாரக் கண்டேன். 250 தட்டுக்கு உறுதி கொடுத்தால் 250 பேரைத் தேடவேண்டும். வில்கமுவையிலிருந்து நாற்பது பேருக்குமேல் வருவது கடினம், தோட்டத்திலிருந்தும் அப்படியே. மீதி நூற்றெழுபது நாற்காலியில் யார் அமர்வது? இரண்டு அலுவலகங்களின் மேலதிகாரிகள், பக்கத்துப் பிரிவின் எழுதுநர்கள், ஒருகாலத்தில் ஒரே விடுதியில் தங்கிய நண்பர்கள், அவர்களின் மனைவி மக்கள். எளிதாக வரக்கூடியவர்களைக் கொண்டு பட்டியல் நிரம்பியது. வந்தே தீரவேண்டியவர்கள் அதன் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். இதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வாசலில் நின்று எவரையும் தடுக்கவில்லை. தூரமும் நேரமும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்தன.

நாள் ஒன்று கிடைத்தது. சனிக்கிழமை இரவு, பெரும்போக அறுவடைக்கு முந்திய வாரம். இளைஞர் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். தாய் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அன்றிரவு பரணில் யார் இருப்பது?" குறையாகச் சொல்லவில்லை; அடுப்பில் பால் வைத்துவிட்டு யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பதுபோலக் கேட்டார். பரண்காவல் முறைவைத்து நடப்பது. ஒரு வீட்டில் சாவு என்றால், நோய் என்றால், அயலவர் அந்த முறையை ஏற்றுக்கொள்வார்கள். கலியாணம் என்றால் அந்த அயலவர்தான் முதல் விருந்தாளிகள். அழைக்கவேண்டியவர்களும் காவல் இருக்கவேண்டியவர்களும் ஒரே மனிதர்கள். விருந்து இரவு பத்து மணிக்கு முடிந்தாலும் அவர்கள் ஊர் திரும்ப விடிந்துவிடும்.

இதைக் கேட்டதும் எனக்கு வழி தெளிவாயிற்று என்று நினைத்தேன். மத்தியதர வர்க்கத்தில் பிறந்து நாலு புத்தகம் படித்தவனுக்குச் சிக்கனத்தைப் போதிப்பதைப்போல இனிய தொழில் வேறில்லை. அந்தஸ்தைக் காட்டுவதற்காகவே செய்யப்படும் செலவைப் பற்றி அமெரிக்க அறிஞர் வெப்ளன் 1899இலேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்று ஆரம்பித்து, கடன்பட்டுக் கலியாணம் செய்து பத்தாண்டு வட்டி கட்டும் நம் குடும்பங்கள்வரை வந்து, வில்கமுவை வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பகலிலே விருந்தை முடிப்பதே முறை என்று தீர்ப்பும் சொன்னேன். பெண்ணின் தகப்பனார் என் பேச்சு முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஐயா, நீங்க சொல்றது சரிதான். ஆனா நான் நாப்பது வருஷமா தோட்டத்துல வேலை செஞ்சவன். பெரிய துரை பங்களாவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், பின்வாசல் வழியா. என் மக கல்யாணத்துலயாவது நான் ஒரு முன்வாசல்ல நின்னு நாலு பேர வாங்கன்னு கூப்பிடணும். எனக்கு முற்றம் ஏதுங்க?"

வெப்ளனின் புத்தகத்தில் இதற்குப் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக் கலியாணத்தின் எளிமையை நாம் புகழும்போது, எல்லாருக்கும் வீடு இருக்கிறது என்ற எண்ணத்தை அடியில் வைத்துக்கொண்டே புகழ்கிறோம். லயன் காம்பரா வீடன்று. அது வேலையோடு ஒட்டிய இருப்பிடம். அதன் முன்னால் உள்ள நிலமும் தோட்டத்துக்கே சொந்தம். பந்தற்கால் நடுவதற்குக்கூடத் துரைமாரின் சம்மதத்தை எதிர்பார்த்து நின்றவர்கள் அந்த மக்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் உடன்படிக்கை செய்து, இத்தனை லட்சம் இங்கே, இத்தனை லட்சம் அங்கே என்று தலைகளைப் பங்கிட்டார்கள். அங்கும் 'எத்தனை' என்றுதான் கேட்டார்கள். யார் யார் என்று கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்கும் நாட்டுரிமை என்று சட்டம் சொன்னது 2003இல். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் சிலருக்குக் கிடைக்கத் தொடங்கியது அதற்கும் பிந்தி. இப்படிப்பட்ட மனிதன் ஒரு முன்வாசலுக்கு ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

முற்றம் இருந்த வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த முற்றங்களில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்களா? யாழ்ப்பாணத்தின் பழைய கலியாண வீடுகளில் யார் திண்ணையில், யார் பந்தலில், யார் படலைக்கு வெளியே என்பது எழுதாத சட்டமாக இருந்தது. பறை முழங்கியவரும் பந்தலுக்குக் கமுகு சுமந்தவரும் கடைசிப் பந்திக்கும் பிறகு, கொல்லைப்புறத்தில், தாம் கொண்டுவந்த பாத்திரத்தில் சோறு வாங்கினார்கள். சமபந்தியும் சமஆசனமும் கேட்டு 1920களிலிருந்து இளைஞர்கள் போராடியது வேறெதற்காக? தேநீர்க் கடைகளிலும் பொது இடங்களிலும் சாதி காரணமாக ஒருவரை ஒதுக்குவது குற்றம் என்று 1957இல் ஒரு சட்டமே இயற்றவேண்டியிருந்தது. சட்டம் வந்தபின்னும் கடையில் பேணி வேறு, குவளை வேறு என்றே இருந்தது. 1960களில் மீண்டும் தெருவில் இறங்கவேண்டியிருந்தது. அந்த வகையில் நகரத்து வாடகை மண்டபம் ஒரு முன்னேற்றம்தான். அழைப்பிதழோடு வந்தவர் எந்த நாற்காலியிலும் அமரலாம். பரிமாறுபவருக்கு உம் பாட்டன் யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. அந்த அறியாமைக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

எனினும் ஒன்றைப் பெறுகையில் வேறொன்றை இழக்கிறோம். வாடகை மண்டபத்தில் விருந்தாளிகள் இருக்கிறார்கள். விருந்து அளிப்பவர் யார்? பணம் கட்டியவர் என்று சொல்லலாம். ஆனால் பணம் கட்டியவரும் அங்கே மாலை ஆறரைக்கு வந்து பத்தரைக்கு வெளியேறவேண்டிய ஒரு விருந்தாளியே. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில், அன்புடைமைக்கு அடுத்த அதிகாரமாக வைத்தார். இல்லம் என்ற சொல்லையும் விருந்து என்ற சொல்லையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை போலும்.

திருமணமும் இடமும் எவ்வளவு ஆழமாகப் பிணைந்தவை என்பதைக் கண்டிச் சிங்களவரின் விவாகச் சட்டத்தில் காணலாம். வில்கமுவையும் பழைய கண்டி இராச்சியத்து மண்தான். அங்கே விவாகம் இருவகை. பெண் கணவன் வீட்டுக்குப் போனால் அது 'தீக'. கணவன் பெண் வீட்டுக்கு வந்தால் அது 'பின்ன'. தீக முறையில் மணந்து போன மகள் தகப்பனின் பரம்பரைக் காணியில் தன் பங்கை இழந்தாள். பின்ன முறையில் வீட்டோடு இருந்தவள் இழக்கவில்லை. 1952ஆம் ஆண்டுக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்திலும் இந்தப் பாகுபாடு நீடிக்கிறது. பதிவேட்டில் எவ்வகை என்று குறிக்காவிட்டால் தீக என்றே கொள்ளப்படும். பின்ன முறையில் வந்த மாப்பிள்ளை ஊன்றுகோலையும் தாளிப்பனையோலைக் குடையையும் பந்தத்தையும் கதவோரத்தில் தயாராக வைத்திருக்கவேண்டும் என்று பழையவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எந்த இரவு 'வெளியே போ' என்ற உத்தரவு வரும் என்று தெரியாதல்லவா? நான் சொல்லும் மணமக்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இருவரும் கண்டியர் அல்லர் என்பதால் பொதுச் சட்டத்தின் கீழேதான் அவர்களுடைய பதிவு. ஆயினும் எந்த வாசலில் யார் நுழைகிறார்கள் என்பது வெறும் அலங்காரம் அன்று, காணியையும் மானத்தையும் தொட்ட விஷயம் என்பதை அந்தக் குடியானவர்கள் நம்மைவிட நன்கு அறிந்திருந்தார்கள்.

வேறொரு கோடியிலிருந்தும் இதைப் பார்க்கவேண்டும். கூட்டமே கூடாத திருமணங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லாத அந்தத் திருமணத்துக்கு ஊரார் திரண்டிருந்ததே சாட்சி. அண்ணாதுரை முதலமைச்சரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இத்தகைய மணங்களைச் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ வேறு சிலரோ முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். பிற்காலத்தில் சாதி மாறிக் காதலித்தவர்கள் வழக்கறிஞர்களின் அறைகளில் மாலை மாற்றத் தொடங்கினார்கள். அப்படி மறைவில் நடப்பவை செல்லா என்று 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 2023இல் இந்திய உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஊரறிய நடத்தினால்தான் திருமணம் என்று வற்புறுத்துவது, உறவினரின் வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்தவர்களை ஆபத்தில் தள்ளும் என்பதே அதன் காரணம். யார் வரவேண்டும் என்று நாம் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். யாரும் வந்துவிடக்கூடாதே என்று நடுங்கிக்கொண்டு மாலை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இரு வீட்டாரும் வருவதே ஒரு பாக்கியம் என்பதை மண்டபம் தேடும் வெறியில் மறந்துவிடுகிறோம்.

எங்கள் சிக்கலுக்கு அலுவலகத்தில் ஒருவர் சுலபமான வழி சொன்னார். இன்று பலர் செய்வதும் அதுதான். "இரண்டு வரவேற்பு வையுங்கள். ஊருக்கு ஊரில் ஒன்று, கொழும்புக்குக் கொழும்பில் ஒன்று." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிறிது யோசித்துப் பாருங்கள். ஊர்ப் பந்தலில் பருப்பும் பூசணிக்காயும் கருவாடும். ஹோட்டலில் முப்பது வகை. தாயும் தகப்பனும் இரண்டிலும் இருப்பார்கள். ஆனால் மேலதிகாரி பரண் காவற்காரரைப் பார்க்கமாட்டார், பரண் காவற்காரர் மேலதிகாரியைப் பார்க்கமாட்டார். பழைய கலியாண வீட்டில் முதற்பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி இருந்தது. இப்போது இருநூறு கிலோமீற்றர் இடைவெளி. இரண்டு பந்தி என்பதில் மாற்றமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தபோதாவது, பின்பந்தியில் இருந்தவன் முன்பந்தியைக் கண்ணால் கண்டு கோபங்கொள்ள முடிந்தது.

இந்த யோசனையை நான் எதிர்த்தபோது இளைஞர் ஒன்று கேட்டார். "அப்படியென்றால் யாரை விடுவது, அண்ணை?" நான் தயங்கினேன். எல்லாரும் வரக்கூடிய இடம் என்று ஒன்று உலகில் இல்லை. எந்த இடத்தைத் தெரிந்தாலும் யாரோ ஒருவருக்கு அது எட்டாத இடம். 2020இலும் 2021இலும் பெருந்தொற்றுக் காலத்தில் அரசாங்கமே எண்ணிக்கையை வகுத்துக் கொடுத்தது. வரவேற்பே கூடாது என்றும் சில வேளை சொன்னது. பதிவாளரும் சாட்சிகளும் வீட்டாரும் மட்டும் நின்ற கலியாணங்கள் பல அப்போது நடந்தன. அழைக்காததற்கு எவரும் எவர்மீதும் வருத்தப்படவில்லை. பழியைச் சுமக்க ஓர் அரசாங்கம் இருந்தது. இப்போது அந்தப் பழி நம்முடையது. ஆகவே தெரிவு செய்யும்போது யாருடைய வராமையை நாம் தாங்கிக்கொள்ளலாம் என்று கேட்கத்தான் வேண்டும். வராதவர்களில் இருவகை உண்டு. அழைப்பைக் கண்டு, வசதியில்லை என்று தாமே சொல்லக்கூடியவர் ஒருவகை. அவருக்கு வேறு மாலைகளும் வேறு விருந்துகளும் இருக்கின்றன. வர முடியாது என்று சொல்வதற்கே கூசி, 'பார்ப்போம்' என்று சிரித்துவிட்டு, அன்றிரவு பரணிலோ லயத்து வாசலிலோ இருந்து அந்த ஹோட்டல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பவர் மற்ற வகை. இந்த இரண்டாமவரின் வராமைக்கு நானே காரணமாக இருந்துவிட்டு, தட்டுக் கணக்கைச் சரிபார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இதைத்தான் சொன்னேன். முடிவு அவர்களுடையது.

கடைசியில் அவர்கள் தெரிந்துகொண்டது கொழும்புமன்று, வில்கமுவையுமன்று. மாத்தளை நகரில், பிரதான வீதியை ஒட்டிய ஒரு சாதாரண மண்டபம், பகல் விருந்து. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரலாம். வில்கமுவையிலிருந்து எலஹெர, நாவுல வழியாக மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பயணம். விடிந்ததும் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு சேரலாம். கொழும்பிலிருந்து வர விரும்பியவர்கள் இரண்டு வான் பிடித்தார்கள். மேலதிகாரிகளில் ஒருவர் மட்டும் வந்தார். மண்டபத்தில் குளிரூட்டி இல்லை. நான்கு மின்விசிறிகளில் ஒன்று சுழலவில்லை. தட்டு விலை ஹோட்டலில் கேட்டதில் மூன்றிலொன்று.

எல்லாம் நிறைவாக நடந்தது என்று எழுத ஆசைதான், உண்மை அப்படியில்லை. மணமகனின் பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அந்தப் பாதையில் அவரைக் கொண்டுவர முடியவில்லை. முற்றத்தில் வைத்திருந்தால் அவர் இருந்திருப்பார். கொழும்பு ஹோட்டலில் வைக்கவில்லையே என்ற குறை மணமகளுக்கும் சிறிது இருந்தது. அந்தப் படிக்கட்டில் நின்று படம் எடுக்கவேண்டும் என்று அவர் பல நாள் நினைத்திருந்தார். அதை அற்பம் என்று சொல்ல நான் யார்?

முன்வாசலில் பெண்ணின் தகப்பனார் நின்றார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. அவர் பக்கத்தில் மணமகனின் தகப்பனார், வெள்ளைச் சாரமும் சட்டையுமாக. இருவருக்கும் பொதுவாக ஒரு முழு வாக்கியம்கூட இல்லை. வந்தவர்களை ஒருவர் "வாங்க, வாங்க" என்று அழைத்தார். மற்றவர் "என்ன, என்ன" என்று அழைத்தார். சிங்களத்தில் அதற்கும் வாருங்கள் என்றே பொருள் என்பதை அறியாத தோட்டத்துக் கிழவர் ஒருவர், ஏதோ கேட்கிறார் என்று எண்ணி நின்று, தாம் மணமகளுக்கு என்ன உறவு என்பதை விளக்கமாகச் சொல்லிவிட்டே உள்ளே போனார்.

மூன்று மணிக்கு வில்கமுவை பஸ்ஸின் சாரதி ஹோர்ன் அடித்தான். கேக் வெட்டுவது சற்று முன்புதான் முடிந்திருந்தது. பாட்டுக் கோஷ்டி அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. வந்தவர்கள் எழுந்தார்கள். பெண்ணின் தகப்பனார் சமையற்கட்டுக்குள் ஓடி, ஆட்களைக் கூட்டி, வாழையிலையில் சோற்றுப் பொதிகள் கட்டவைத்தார். எத்தனை என்று சம்பந்தி விரலால் காட்டப் பார்த்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஐயா, பரண்ல இருக்கிறது யார் யாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பெயராக நான் சொல்ல, அவர் ஒவ்வொரு பொதியாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். கடைசியாக, மீன் போடாமல் சோற்றை நன்றாகக் குழைத்து, பாட்டிக்கு ஒன்று.